வீரன் வீட்டு விளக்கு அணையாதிருக்க

போர் என்னும் சொல் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் நாளில் நாடு முழுவதும் ஒரே உள்ளமாய் எழுந்து நிற்கிறது. உண்டியல்கள் நிறைகின்றன. வளையலைக் கழற்றித் தருவாரும், ஒருநாள் ஊதியத்தை ஈவாரும், குருதி கொடுக்க வரிசையில் நிற்பாரும் எங்கும் தோன்றுகின்றனர். இஃது எவரும் பாராட்டத்தக்க பண்பே. ஆயினும் போர் ஓய்ந்து, அந்த எழுத்துச் சிறுத்து, உண்டியல்கள் பரணில் ஏறிய பின்னர், களத்தில் வீழ்ந்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா, அவன் மகன் பள்ளிக்குப் போகிறானா, அவன் தாய்க்கு மருந்து வாங்க வழியுண்டா என்று கேட்பார் எத்தனை பேர்? இக்கேள்வியை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையைத் தந்த வீடுகள் பல உள. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், மறையூர், மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி முதலிய மலையூர்களிலும், "எங்கள் பையன் மிலிட்டரியில் இருக்கிறான்" என்று பெருமையோடு கூறும் பெற்றோரைக் கண்டிருக்கிறோம். அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. பங்கு உண்டெனில் பொறுப்பும் உண்டன்றோ?

முன்னோர் கண்ட வழி

போரில் பட்டவன் குடியைப் புரத்தல் தமிழர்க்குப் புதிய அறம் அன்று. பூசலில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்ட நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை. அவன் குடும்பத்தார் உழுதுண்ண நிலமும் விட்டனர். அந்நிலம் 'நெய்த்தோர்பட்டி' என்றும் 'உதிரப்பட்டி' என்றும் கல்வெட்டுக்களில் குறிக்கப்படுகிறது. நெய்த்தோர் என்பது குருதி. சிந்திய குருதிக்கு ஈடாக ஊரும் அரசும் விட்ட நிலம் என்பது அதன் பொருள்.

இவ்வழக்கத்தின் வேரை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதில்லை. இடுக்கிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். எழுத்துடைய நடுகற்களுள் இவை மிகப் பழையவை என்று அறிஞர் கருதுவர். அவற்றுள் ஒன்று கூடல் என்னும் ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் மடிந்த ஒருவனைக் குறிக்கிறது. கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறும் அன்பர்கள் இன்றும் கூடலூர் என்னும் ஓர் ஊரைக் கடந்துதான் செல்கின்றனர்.

முன்னோர் நட்ட கல் வீரனின் புகழுக்கு உரியது. அவர்கள் விட்ட நிலம் அவன் வீட்டாரின் வயிற்றுக்கு உரியது. இரண்டையும் அவர்கள் பிரித்தறிந்திருந்தனர். அன்றியும், அந்நிலம் பிச்சையாக இடப்பட்டதன்று. அந்தக் குடிக்கு உரிமையாக விடப்பட்டது. அதை உழுத பெண் எவர் முன்னும் தலை குனிய வேண்டியதில்லை. நாம் மனத்திற் கொள்ளவேண்டிய முதற் பாடம் இதுவே.

ஈகையும் இழிவும்

இப்பாடத்தைப் பிற நாட்டார் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1854-ஆம் ஆண்டு, கிரிமியப் போரில் இறந்தோரின் மனைவி மக்களுக்காகப் 'பேட்ரியாட்டிக் நிதி' என்னும் அறநிதி அரசியின் ஆணையால் நிறுவப்பட்டது. 1885-இல் மேஜர் ஜேம்ஸ் கில்டே என்பார் போர்வீரர் குடும்பங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1914-இல் உலகப் போர் மூண்டு இலட்சக்கணக்கான ஆடவர் படையிற் சேர்ந்தபோது, குடும்பப்படியை உரிய காலத்தில் அனுப்ப இயலாமல் அரசாங்கம் திணறியது. அப்பொழுது வீடு வீடாகச் சென்று பணம் கொடுத்தவர்கள் அச்சங்கத்தின் தொண்டர்களே. அவர்கள் தொண்டு பெரிது.

ஆனால் அத்தொண்டோடு ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருந்தது. உதவி பெறும் பெண் 'நல்லொழுக்கம்' உடையவளா, குடிக்கிறாளா, யார் அவள் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்றெல்லாம் உசாவும் வழக்கம் உண்டாயிற்று. 1914-ஆம் ஆண்டின் இறுதிக்குள் போலீசாரும் போர்வீரர் மனைவியரைக் கண்காணிக்கும்படி பணிக்கப்பட்டனர். கணவன் அகழியிற் கிடந்து உயிரைப் பணயம் வைக்கிறான். அவன் மனைவியோ தன் வீட்டு வாயிலில் சோதனைக்கு உள்ளாகிறாள்! இதைக் கேட்டு மனம் நோகாதார் யார்? கொடுக்கும் கை மேலே இருப்பதனால் வாங்கும் தலை கீழே குனியவேண்டும் என்று எண்ணும் ஈகை, ஈகை ஆகாது.

நம் நாட்டில்

முதல் உலகப் போரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். அவர்களில் 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. அப்போது சென்னை மாகாணத்தார் போர் நிதி திரட்டி, 'மதராஸ்' என்னும் பெயரால் ஒரு மருத்துவக் கப்பலையே நடத்தினர். அந்நாளில் நம் எல்லைப்புறம் ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவிலும், சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. இந்தச் சிறிய நிலப்பரப்பிலேயே படைவீரன் வீட்டார் மூன்று ஆட்சிகளின் குடிகளாய் இருந்தனர். இதை இங்கே குறித்து வைப்போம், பின்னால் பயன்படும்.

அந்தப் போரை ஒட்டித் தோன்றிய போர்வீரர் வாரியமே, பல பெயர் மாற்றங்களுக்குப் பின்னர், இன்று கேந்திரிய சைனிக் போர்டு என்று வழங்குகிறது. அதன் கீழ் மாநிலந்தோறும் ஓர் அமைப்பும் மாவட்டந்தோறும் ஓர் அலுவலகமும் உள்ளன. கேரளத்தில் மாவட்ட சைனிக நல அலுவலகம் என்றும், தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்றும் இவற்றைக் கூறுகின்றனர்.

விடுதலைக்குப் பின்னர், 1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. செந்நிறம், கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறமுடைய சிறு கொடி தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றையும் குறிக்கும். 1962-இல் சீனத்தோடு போர் மூண்டபோது தேசியப் பாதுகாப்பு நிதி தோன்றியது. அந்நாளில் ஏழை எளியவர்களும் தம் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். அந்நிதி இன்றும் உள்ளது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று அதனை நடத்துகிறது. முன்னாள் வீரர், உயிர்நீத்த வீரர் ஆகியோரின் பிள்ளைகள் தொழிற்கல்வி கற்க அதிலிருந்தே உதவித்தொகை வழங்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் அத்தொகை மாதம் ஆண்பிள்ளைகளுக்கு 2,500 ரூபாயாகவும் பெண்பிள்ளைகளுக்கு 3,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 1962-இல் ஒரு பாட்டி கொடுத்த மூக்குத்தி இன்று எங்கோ ஒரு பெண்ணின் பொறியியற் படிப்பாக மாறியிருத்தலும் கூடும்.

1971-ஆம் ஆண்டுப் போர் மற்றொரு திருப்பத்தை உண்டாக்கியது. போரில் உயிர்துறந்தோர் குடும்பங்களுக்கான ஓய்வூதியத்தைத் தாராளமாக்கி 1972 பிப்ரவரியில் அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அதே 1972-இல் வி. மோகினி கிரி அம்மையார் தில்லியில் போர் விதவையர் சங்கத்தைத் தோற்றுவித்தார். குடியரசுத் தலைவராய் விளங்கிய வி. வி. கிரியின் மருமகளாராகிய அவர், அப்பெண்களுக்கு வேண்டுவது இரக்கம் மட்டுமன்று, தொழிலும் தன்னிறைவுமே என்பதை உணர்ந்து செயலாற்றினார். 2023 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

பனியில் புதைந்த பதின்மர்

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று நமக்கு மிக நெருங்கியது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனிமலையில் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்நிலை ஒன்றன்மீது பனிப்பாறை சரிந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பதின்மர் அதன் அடியில் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கேரளத்துக் கொல்லத்தவர். மூவர் கர்நாடகத்தவர். ஆந்திரத்துக்கும் மராட்டியத்துக்கும் ஒவ்வொருவர். ஆறு நாட்கள் பனியடியில் உயிர்தாங்கி மீட்கப்பெற்ற லான்ஸ் நாயக் அனுமந்தப்பா கொப்பத், பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் உயிர்நீத்தபோது நாடே கண்ணீர் விட்டது.

நடுகல்லுக்குப் பெயர்பெற்ற அதே தேனி மாவட்டம் அப்பனிமலைக்கும் ஒரு மகனைத் தந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

அவ்வேளையில் அக்குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க எண்ணற்றோர் முன்வந்தனர். ஆனால் அப்பணத்தை எங்கே கட்டுவது, எவர் வழியாகக் கொடுப்பது? இவ்வார்வத்தைக் கண்டே அரசாங்கம் 1890-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின்கீழ் 2017 ஜூலையில் ஒரு தனி நிதியை நிறுவி, 2016 ஏப்ரல் முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொண்டது. போரில் உயிர்துறந்தோர் நலநிதி என்று அதைக் கூறலாம். அந்நிதியிலிருந்து ஒரு குடும்பத்துக்குத் தொடக்கத்தில் 2 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. 2019-இல் அது 8 இலட்சமாக உயர்ந்தது. எங்கோ பனியில் மடிந்த பதின்மர்பால் மக்கள் கொண்ட அன்பு, பின்னால் வரும் எத்தனையோ குடும்பங்களுக்கு நிலையான ஊற்றாகிவிட்டது. பெருகி வரும் கொடையை ஒரு நாள் வெள்ளமாக விட்டுவிடாமல் ஏரியாகத் தேக்கிய செயல் இது.

இரு மாநிலத்து இடைவெளி

நிற்க. ஊற்று உண்டு, வாய்க்காலும் உண்டு. தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேர்கிறதா என்பதே இனி நாம் பார்க்கவேண்டியது.

இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு நாள்தோறும் கண்ணிற் படுவது ஒன்று உண்டு. ஒரு பார்சலுக்கு முழுக் கட்டணமும் கட்டியாயிற்று. வண்டியும் நேரத்தில் வந்துவிட்டது. ஆயினும் விலாசத்தில் ஓர் எழுத்துப் பிழையிருந்தால் அது கிடங்கிலேயே கிடக்கிறது. அனுப்பினவர் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாயிருக்கிறார். பெறவேண்டியவர் வரவில்லை என்று ஏங்குகிறார். எவர்மீதும் குற்றமில்லை, பொருள் மட்டும் போய்ச்சேரவில்லை. எல்லைப்புறத்துப் போர்வீரர் குடும்பங்களுக்கு வரும் உதவியும் பல வேளைகளில் இப்பார்சலைப் போன்றதே.

காரணம் கூறுவேன். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டன. பாலக்காடு மாவட்டம் 1957-இலும், இடுக்கி மாவட்டம் 1972-இலும் உருவாயின. கோடு வரையப்பட்டது; உறவு வரையறுக்கப்படவில்லை. அப்பன் வீடு பொள்ளாச்சியில், மாமன் வீடு கொழிஞ்சாம்பாறையில். பிறந்தது போடிநாயக்கனூரில், பிழைப்பது பூப்பாறையில். இப்படியே நம் வாழ்க்கை நடக்கிறது. படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகமோ பாலக்காட்டாருக்குக் கோழிக்கோட்டிலும், இடுக்கியாருக்குத் திருவனந்தபுரத்திலும், கோவை, தேனி மாவட்டத்தாருக்குக் கோயமுத்தூரிலும் உள்ளது. பாட்டன் ஊர் விலாசத்தைக் கொடுத்துக் கோயமுத்தூரில் சேர்ந்த இளைஞனுக்கு, மணம் முடித்து மனைவி குழந்தைகளோடு குடியிருப்பது சித்தூர்த் தாலுகாவாயிருக்கும். உயிரோடிருக்கும் வரை இதனால் தொல்லை இல்லை. தீங்கு நேர்ந்தால், எந்த மாநிலம் அவனைத் தன் மகன் என்று கொள்ளும்? எந்த மாவட்ட அலுவலகத்தில் அவன் மனைவி பதிவு செய்துகொள்வாள்? மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு மாநில எல்லை கிடையாது. ஆனால் மாநில அரசுகள் தரும் கருணைத்தொகையும் வேலைவாய்ப்பும் அந்தந்த மாநிலத்தின் விதிக்கு உட்பட்டவை. அவற்றுக்கு ஊர்ச்சான்று இன்றியமையாதது.

பெரியோர் விஷயத்தில் இது நன்மையாக முடிதலும் உண்டு. 2016 ஜனவரியில் பதான்கோட்டு விமானப்படைத் தளத்தில் உயிர்துறந்த லெப்டினென்ட் கர்னல் இ. கே. நிரஞ்சன் பாலக்காட்டு மாவட்டத்து எளம்புலாசேரிக் குடும்பத்தவர். பெற்றோர் வாழ்ந்ததோ பெங்களூரில். பெங்களூரார் திரண்டு அஞ்சலி செய்தனர். எளம்புலாசேரியில் அரசு மரியாதையோடு உடல் தகனம் செய்யப்பட்டது. இரண்டு மாநிலமும் "இவர் எம்மவர்" என்றன. ஆனால் பெயர் வெளியில் தெரியாத ஒரு சிப்பாயின் மனைவிக்கு, இரண்டு மாநிலமும் "இவர் எம்மவர் அல்லர்" என்று கூறும் நிலையும் வரக்கூடும்.

அவ்வாறு அலைந்த ஒரு பெண்மணியை நான் அறிவேன். கணவர் பணியிலிருக்கையில் விபத்தில் காலமானவர். ஓர் அலுவலகத்தார் எல்லைக்கு அப்பால் போகச் சொன்னார்கள். அங்குள்ளார் மீண்டும் இங்கே அனுப்பினார்கள். போதாக்குறைக்குப் பெயர்த் தொல்லை வேறு. பட்டாளத்து ஏட்டில் அவர் பெயர் 'ஆத்தாள்' என்று முடிந்தது. கேரளத்து ரேஷன் அட்டையில் அதுவே 'அம்மா' ஆகியிருந்தது. ஆதார் அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் பின்னுமாக இருந்தன. நான்கு தாளில் நான்கு பெண்கள்! அவர் எழுத்தறியாதவரல்லர், ஆனால் மலையாளத்தில் வந்த கடிதத்தையும் இந்தியில் வந்த கடிதத்தையும் படித்துச் சொல்ல ஆளில்லை. கடைசியில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அவரோடு நான்கு நடை நடந்து, வில்லேஜ் ஆபீசரிடம் 'ஒரே ஆள்' என்னும் சான்றிதழ் பெற்று, வெல்லிங்டனுக்கு எழுதி, காரியத்தை முடித்தார். அந்த நான்கு நடைக்கு விலை என்ன? எந்த மேடையில் கொடுக்கும் பொற்கிழிக்கும் அது குறைந்ததன்று என்பேன்.

உரியவை இவை

ஆதலின், ஒரு வீட்டுக்கு உரியவை எவை என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். எதிரியின் தாக்குதலில் உயிர்துறந்தவன் மனைவிக்கு, கணவன் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்குச் சமமான குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியின் காரணமாக நேர்ந்த பிற மரணமாயின் அவ்வூதியத்தில் 60 விழுக்காடு. பணியோடு தொடர்பில்லாத நோயால் இறந்திருப்பின் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். இவையன்றி, மரணம் நேர்ந்த சூழ்நிலைக்கேற்ப 25 இலட்சம் முதல் 45 இலட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் கருணைத்தொகையை 2016 ஜனவரி முதல் விதி வகுத்துள்ளது. 1976 முதல் நடைபெற்றுவரும் இராணுவக் குழுக் காப்பீட்டுத் தொகை வேறு.

2022 முதல் அக்னிவீரராகச் சேரும் இளைஞர்களின் நிலை வேறு. அவர்கள் வீட்டாருக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. 48 இலட்சம் ரூபாய்க் காப்பீடும், பணியின் காரணமான மரணமாயின் 44 இலட்சம் கருணைத்தொகையும், எஞ்சிய காலத்து ஊதியமும் அத்திட்டத்தில் கூறப்பட்டுள்ளன. மாதந்தோறும் வரும் பணம் இல்லாத வீட்டில் ஒருமிக்க வரும் பெருந்தொகையைக் காப்பது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய வீட்டுக்கு அறிவுரை கூறும் நல்லோரின் துணை இரு மடங்கு தேவை.

கொடிநாள் நிதியிலிருந்தும் உதவி உண்டு. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த ஏழை முன்னாள் வீரருக்கும் அவர் விதவைக்கும் மாதம் 4,000 ரூபாயாக இருந்த உதவி 8,000 ஆகவும், ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த கல்வி உதவி 2,000 ஆகவும், 50,000 ரூபாயாக இருந்த திருமண உதவி ஓர் இலட்சமாகவும் 2025 நவம்பர் 1 முதல் இரட்டிக்கப்பட்டன. டிசம்பர் 7-இல் நாம் பத்து ரூபாய் கொடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் கொடி எங்கே போகிறது என்று கேட்பார்க்கு விடை இதுவே. ஆனால் இந்த உதவிகளெல்லாம் விண்ணப்பம் செய்தவர்க்கே கிடைக்கும். கேளாத வாய்க்கு அரசாங்கத்துச் சோறு வருவதில்லை.

வீட்டுக்குள் எழும் பூசல்

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரில் 527 வீரர் உயிர் தந்தனர். நாட்டார் அள்ளிக் கொடுத்தனர். அரசும் பெருந்தொகை அளித்தது. அதன் பின்னர்ப் பல வீடுகளில் மனைவிக்கும் பெற்றோர்க்கும் இடையே பணம் பற்றிப் பூசல் எழுந்தது நாடறிந்த செய்தி. இளம் மருமகள் பணத்தோடு போய்விடுவாளோ என்று மாமியார் அஞ்சுகிறார். தன் குழந்தைக்கு ஒன்றும் மிஞ்சாதோ என்று மருமகள் அஞ்சுகிறாள். இருவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஒருவருக்கு மகன் போனான். மற்றவளுக்கு வாழ்வே போயிற்று. ஊரார் ஒருபக்கம் சாய்ந்து பேசுவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும். வீரன் உயிரோடிருக்கையிலேயே நியமனத் தாளில் யாருக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதி வைத்தால் இப்பூசலில் பாதி எழாது.

சங்கம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குமிடத்து, நம்மைப் போன்ற சிறு சங்கங்கள் செய்யத்தக்க அறம் எது என்பது விளங்கும். இலட்சக்கணக்கில் கொடுக்க நம்மிடம் செல்வமில்லை. ஆனால் ஊரில் உடனிருக்கிறோம், இருமொழியும் அறிவோம், எல்லையின் இருபுறத்து அலுவலகங்களுக்கும் பஸ் தடம் அறிவோம். இச்செல்வம் தில்லியில் இல்லை.

முதலாவது, ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்து லயத்திலும் படையில் உள்ளோர் வீடுகள் எவையெனக் குறித்து வைத்தல். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நல்ல மனமும் போதும்.

இரண்டாவது, விடுமுறையில் பிள்ளை வரும்போது அவனை அன்போடு அழைத்துத் தாள்களைச் சரிபார்க்கச் சொல்லுதல். திருமணமும் குழந்தைப் பிறப்பும் பட்டாளத்து ஆணையில் பதிவாயினவா? குடும்ப ஏட்டில் மனைவியின் பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒன்றா? குடியிருக்கும் விலாசம் எழுதப்பட்டதா? வங்கிக் கணக்கு மனைவியோடு சேர்ந்ததா? இதனைக் கேட்பது அபசகுனம் என்று முதியோர் முகம் சுளிப்பர். குடை கொண்டு போவதால் மழை வருவதில்லை என்று அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டும்.

மூன்றாவது, தீங்கு நேர்ந்த வீட்டுக்கு ஓராண்டுக் காலம் ஒருவரைத் துணையாக அமர்த்துதல். முதல் வாரம் வருவார் நூறு பேர். ஆறாம் மாதம் வருவார் ஒருவருமிலர். அந்த ஆறாம் மாதத்துக்கு உரியவரே நம் தொண்டர். மனுக்களின் நகல் வைத்தல், கடிதங்களைப் படித்துச் சொல்லுதல், அலுவலகத்துக்கு உடன் செல்லுதல் ஆகியவை அவர் கடமை. மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் தமிழில் மனு எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 முதலே நமக்கு அளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்த நாணவேண்டா.

நான்காவது, கொடிநாளில் திரட்டும் பணத்தை மாவட்ட அலுவலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்று, அதனைச் சங்கத்துப் பலகையில் ஒட்டுதல். போர்ச்செய்தி வரும் நாட்களில் பெயர் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வார் பலர் தோன்றுவர். அவர்களை நம்பிக் கொடுப்பது உண்மையான வீட்டின் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவதும் தலையாயதும் ஒன்று உண்டு. எதைச் செய்யினும் அவ்வீட்டுப் பெண்ணைக் காட்சிப் பொருளாக்காமற் செய்தல். மேடையேற்றி, மாலையிட்டு, படமெடுத்து, கையில் உறையைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. அவர் விரும்பினால் மேடை ஏறட்டும். விரும்பாவிடில் உறை வீட்டுக்குச் செல்லட்டும். அவர் கட்டும் புடைவையையும் பேசும் பேச்சையும் அளக்கும் அதிகாரத்தை எந்தக் கொடையும் நமக்கு அளிப்பதில்லை.

எல்லையில் நிற்பவன் இந்த மாநிலத்தான், அந்த மாநிலத்தான் என்று பார்த்துக் காவல் செய்வதில்லை. சியாச்சினில் புதைந்த பதின்மரும் ஐந்து மாநிலத்தார். அவர்களை மூடிய பனி ஒன்றே. அவன் வீட்டார் மட்டும் மாநிலக் கோட்டின் நடுவில் நின்று இருபுறமும் கைகூப்ப வேண்டுமோ? நம் முன்னோர் கல்லும் நட்டனர், நிலமும் விட்டனர். கல் நட இன்று அரசாங்கம் உண்டு. நிலத்துக்கு ஈடான உரிமைப் பணமும் அரசாங்கத்தில் உண்டு. அது வீடு வந்து சேர நாலு நடை நடக்கும் கால்கள்தாம் குறைவு. அக்கால்கள் நம்முடையவாகுக.

வருகிற டிசம்பர் 7-ஆம் நாளுக்குள் ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊர்ப் படைவீரர் இல்லங்களின் பட்டியலைத் தயாரித்து முடிப்போமாக. வீரன் வீட்டு விளக்கு அணையாதிருக்க எண்ணெய் வார்க்கும் முறை நம்முடையது. வாழிய வீரர் குடி!